உள்வளைவுச் சுவர்

கட்டர்களைச் சுத்தம் செய்வது எங்கள் பட்டறையில் என் வேலை. என் வீட்டுக்காரர் பகல் முழுக்க கிரைண்டரைப் பிடித்துக்கொண்டு இஞ்சின் ஹெட்டுகளைக் குடைவார். சாயங்காலம் அவர் கழற்றிப் போடும் கட்டர்களை நான் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பித்தளைப் பிரஷ்ஷால் தேய்த்து, பல்லிடுக்கில் அப்பியிருக்கும் அலுமினியத்தை ஊசியால் குத்தி எடுத்து, துளை போட்ட மரக்கட்டையில் வரிசையாக நிறுத்துவேன். கல்யாணமான புதிதில் "உன் வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்று யாராவது கேட்டால் "ஓட்டையைப் பெரிசு பண்றார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். விளக்க உட்கார்ந்தால் பொழுது போய்விடும்.

இப்போது விளக்கித்தான் ஆகவேண்டும். இஞ்சினுக்கு மேலே மூடி மாதிரி உட்கார்ந்திருக்கும் வார்ப்புதான் ஹெட். அதற்குள் காற்றும் பெட்ரோலும் வருவதற்கு வழி உண்டு, புகை போவதற்கு வழி உண்டு. அந்த வழிகளுக்குப் போர்ட் என்று பேர். தொழிற்சாலையில் வார்த்து அனுப்பும்போது உள்ளே கரடுமுரடாகத்தான் இருக்கும். கடைக்குப் போய்வருகிற வண்டிக்கு அது போதும். பந்தயம் ஓடுகிற வண்டிக்குப் போதாது. அதனால் பந்தயக்காரர்கள் ஹெட்டைக் கழற்றித் தூக்கிக்கொண்டு எங்களிடம் வருவார்கள். என் வீட்டுக்காரர் கட்டரை உள்ளே விட்டு, காற்று தடுமாறாமல் பாயும்படி வழியைத் திருத்திக் கொடுப்பார். அவருக்குக் காத்துக்காரர் என்றே பட்டப்பேர். நான் காத்துக்காரர் பெண்டாட்டி. இதைவிட லேசான பதவி உலகத்தில் கிடையாது.

திருத்துவது என்றால் சும்மா அகலப்படுத்துவது இல்லை. போர்ட் நேராக வந்து, வழியைத் திறந்து மூடுகிற வால்வுக்கு முன்னால் சட்டென்று கீழே மடங்கும். அந்த மடக்கின் உட்பக்கத்தை உள்வளைவு என்பார் அவர். காற்று திரும்ப முடியாமல் திணறுகிற இடம் அதுதான். அங்கே சரியாகச் செதுக்கினால் இஞ்சின் பேயாய்ப் பறக்கும். ஆனால் அந்த வளைவுக்குப் பின்னாலேயே இஞ்சினைக் குளிரவைக்கிற தண்ணீர் ஓடுகிறது. நடுவில் இருப்பது ஒரு மெல்லிய சுவர். எந்த இடத்தில் எவ்வளவு கனம் என்று அதை வார்த்தவனுக்கே தெரியாது. கட்டர் ஒரு இழை கூடுதலாகப் போனால் பொத்துக்கொள்ளும். தண்ணீர் இஞ்சினுக்குள் வரும். அப்புறம் பேச்சே இல்லை.

ஆகவே எந்தக் கட்டரை எப்போது எடுப்பது என்பதுதான் அந்தத் தொழிலில் பாதி. இரும்பு ஹெட்டுக்கு நெருக்கமான குறுக்குப் பல் கட்டர். அதை அலுமினியத்தில் விட்டால் பல்லெல்லாம் அடைத்துக்கொண்டு வெட்டாமல் வழுக்கும். அலுமினியத்துக்குப் பல் அகன்றிருக்க வேண்டும், அதிலும் பெரும்பல், நடுப்பல், நுண்பல் என்று தரம் உண்டு. பெரும்பல்லால் அள்ளவேண்டும், நடுப்பல்லால் உருவம் கொண்டுவர வேண்டும். உள்வளைவுக்கு வந்ததும் நீளத்தண்டில் இருக்கும் முட்டை வடிவ நுண்பல் கட்டரை மாட்டி, வேகத்தைக் குறைத்து, தடவுகிற மாதிரி எடுக்கவேண்டும். நீளத்தண்டை முழு வேகத்தில் விட்டால் அது வளைந்து சாட்டை மாதிரி சுழற்றி அடிக்கும். இடையிடையே அவர் கிரைண்டரை நிறுத்திவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஆள்காட்டி விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்ப்பார். "கண்ணு ஏமாத்தும், விரல் ஏமாத்தாது" என்பது அவர் வேதவாக்கு. ஒரு ஹெட்டில் நாலு போர்ட் இருந்தால் நாலும் ஒன்றுபோல வரவேண்டும். அதையும் விரல்தான் சொல்லும்.

அந்த முட்டைக் கட்டர் அழுக்காவதில்லை என்பதை நான் கவனித்தது மழைக்காலம் ஆரம்பித்தபோது. தினமும் பெரும்பல் கட்டர்தான் அப்பிக்கொண்டு வந்தது. நடுப்பல் எப்போதாவது. நுண்பல் கட்டர்கள் நான் நிறுத்திய இடத்திலேயே, நிறுத்திய பளபளப்போடு நின்றன. தரையைப் பெருக்கும்போதும் பார்த்தேன். முன்பெல்லாம் மேசைக்கு அடியில் மாவு மாதிரி தூள் கிடக்கும். இப்போது எல்லாம் ஊசி ஊசியாக, செருப்பைத் துளைக்கிற சீவல்.

"என்னங்க, நுண்பல்லே எடுக்கறதில்லையா?" என்று கேட்டேன்.

"பெரும்பல்லுதான் வேலை ஓடுது."

"உள்வளைவுக்குமா?"

"நீ கட்டரைக் கழுவு. குடையறதை நான் பாத்துக்கறேன்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அவர் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை. காற்று அளக்கும் மேசையை ஓட்டுவதும் நான்தான். ஹெட்டை அதன்மேல் பொருத்தி, போர்ட் வழியாக எவ்வளவு காற்று பாய்கிறது என்று அளந்து சொல்வேன். என் அளவைக் கேட்காமல் அவர் அடுத்த வெட்டு வெட்டினதில்லை. அப்படி இருந்த மனுஷன் "நீ கழுவு" என்கிறார்.

மறுநாள் காலையில் அவர் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். குளிர்ந்த தண்ணீர். துண்டு கொடுக்கப் போனவள் அவர் கையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றேன். விரல்கள் நுனியிலிருந்து நடு மூட்டு வரை வெள்ளை. ரத்தமே இல்லாத வெள்ளை, மெழுகுவத்தி மாதிரி. அவர் அவசரமாகக் கையைக் கக்கத்தில் சொருகிக்கொண்டார்.

"எத்தனை நாளா இப்படி?"

"குளிருக்கு வரும். கொஞ்ச நேரத்துல சரியாயிடும்."

கொடியில் கிடந்த சட்டையை எடுத்து நீட்டினேன். "போட்டுப் பொத்தானை மாட்டுங்க பாப்போம்."

போட முடியவில்லை. பொத்தானைப் பிடிக்கிறார், அது நழுவுகிறது. கண்ணால் பார்த்துத் தேடிப் பிடிக்கிறார், மறுபடி நழுவுகிறது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவர் ஏன் ஆறேழு மாதமாகத் தலைவழியே போடும் பனியனோடு திரிகிறார் என்று. நான் அதை ஏதோ இளமை திரும்புகிற கூத்து என்று நினைத்துக் கிண்டல் செய்துகொண்டிருந்தேன்.

அன்று பட்டறையில் மரக்கட்டையை அவர் முன்னால் வைத்தேன். "கண்ணை மூடுங்க" என்றேன். மூடினார். அவருடைய ஒரு கையில் பெரும்பல், இன்னொரு கையில் நுண்பல். இரண்டையும் பல் பக்கம் விரலில் படும்படி வைத்தேன். "எது நுண்பல்?"

அவர் உருட்டிப் பார்த்தார். அழுத்திப் பார்த்தார். பெரும்பல் ரம்பம் மாதிரி இருக்கும், குழந்தை தொட்டாலே சொல்லிவிடும். அவர் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. "இது" என்று நீட்டினார்.

தப்பு. பெரும்பல்லை நீட்டிக்கொண்டிருந்தார். கண்ணைத் திறந்து அவரே பார்த்துக்கொண்டார். பிறகு கட்டரை அதன் துளையில் வைக்கப் போய், இரண்டு முறை துளையைத் தவறவிட்டு, மூன்றாம் முறை வைத்தார். இவர் இத்தனை மாதம் என்ன செய்துகொண்டிருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது. நுண்பல் கட்டர் வெட்டுவது அவருக்குத் தெரியவே இல்லை. அதனால் கையில் அதிர்வு தெரிகிற பெரும்பல்லாகப் பார்த்து எடுத்திருக்கிறார். அந்த அதிர்வு மிச்சமிருந்த விரலையும் தின்றிருக்கிறது.

மருத்துவர் இதற்கு அதிகம் யோசிக்கவில்லை. கையை ஐஸ் தண்ணீரில் வைத்துப் பார்த்தார், ஊசியால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "அதிர்கிற மெஷினைத் தொடாதீர்கள். போன உணர்ச்சி திரும்பி வருமென்று என்னால் சொல்ல முடியாது. இருப்பதைக் காப்பாற்றலாம். இன்றைக்கு நிறுத்தினால் இன்றைக்கு இருப்பது மிஞ்சும்" என்றார். நான் வெளியே வந்ததும் "கேட்டீங்களா?" என்றேன். "கேட்டேன்" என்றார்.

நிறுத்தினாரா? எங்கே நிறுத்தினார்! மறுநாள் காலையில் எனக்கு முன்னால் பட்டறையில் இருந்தார். நான் கத்தினேன். பட்டறையின் இன்னொரு பாதியில் இஞ்சின் பூட்டிக்கொண்டிருந்த என் தம்பி ஸ்பானரோடு ஓடிவந்தான். அவனிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"அத்தான், அக்கா சொல்றது நெஜமா?"

"விரல்தான போச்சு. தொழில் போகலியே."

"விரல் இல்லாம எப்படி..."

"காது இருக்குடா மாப்ள."

அப்போதுதான் கவனித்தேன், அவர் காதுக்கவசம் ஆணியில் தூசு படிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் போடாமல் வேலை செய்கிறார் என்று அவ்வப்போது திட்டியிருக்கிறேன், சோம்பல் என்று நினைத்து. சோம்பல் இல்லை. சுவர் கனமாக இருக்கும்போது கட்டர் கனத்த குரலில் உறுமும், சுவர் மெலிய மெலியக் குரல் ஏறிக்கொண்டே போய்க் கீச்சென்று ஆகும், அதைக் கேட்டு நிறுத்திவிடுவேன் என்றார். கவசம் போட்டால் அந்தக் கீச்சு கேட்காது, அதனால் கழற்றி மாட்டிவிட்டாராம். விரல் போனதைக் காதை வைத்து ஈடுகட்டிக்கொண்டிருந்தார்.

"நம்பிக்கை இல்லன்னா பாரு" என்று மூலையில் கிடந்த உதவாத ஹெட் ஒன்றை எடுத்துப் பூட்டினார். கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டார். கட்டரை உள்ளே விட்டு உள்வளைவில் வெட்டினார். உறுமியது, ஏறியது, நிறுத்தினார். தம்பி ஹெட்டைக் குறுக்கே அறுத்து அளந்தான். சுவர் இருக்கவேண்டிய கனத்துக்கு ஒரு மயிரிழை கூடக் குறைவில்லை. தம்பி "அடேயப்பா" என்றான். அவர் துணியை அவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு கெஞ்சல் இருந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"சரி, இருக்கட்டும். அதுக்காக மிச்ச விரலையும் குடுத்துடறதா? நாளைக்கு சோத்தைப் பிசைஞ்சு வாயில வைக்கக் கை வேணாமா?" என்றேன்.

"இதை விட்டா நான் யாரு சொல்லு? காலைல எந்திரிச்சு நான் எங்க போவேன்?"

பதில் இல்லாதபோது எனக்கு இன்னும் சத்தம் அதிகமாகும். அன்றைக்குத் தெருவே எட்டிப் பார்த்தது.

கடைசியில் தம்பிதான் நடுவில் புகுந்தான். அவன் வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்துச் சேர்க்கிற ஒரு பந்தயக் கார் இருக்கிறது. அதன் ஹெட் அந்த வாரம்தான் எங்கிருந்தோ வந்து இறங்கியிருந்தது. அந்த ரக ஹெட்டை எங்கள் பட்டறையில் யாரும் பார்த்ததுகூட இல்லை. "என் ஹெட்டைக் குடையட்டும் அக்கா. வெளியாள் வண்டின்னா பயம், இது நம்ம வண்டிதான. அத்தானே ஒரு முடிவு சொல்லட்டும்" என்றான்.

அவர் முடிவு சொன்னார். "இந்த ஹெட்டு கசிவுச் சோதனையில தேறிச்சுன்னா யாரும் என்னை ஒண்ணும் சொல்லக் கூடாது. தேறலன்னா நானே கிரைண்டரைக் கழட்டி எடுத்து வெச்சுடறேன். அப்புறம் தொடமாட்டேன்."

அவர் சொன்னால் சொன்னதுதான். அதனால்தான் ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்ட நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. தேறினால் அவர் கடைசி விரல் சாகிற வரைக்கும் நிறுத்தமாட்டார். தேறாவிட்டால் கை மிஞ்சும், மனுஷன் மிஞ்சுவாரா தெரியாது. எது நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது? ஹெட் தேறக்கூடாது என்றுதான் நான் வேண்டிக்கொண்டேன். கட்டிய பெண்டாட்டி, பக்கத்திலேயே நின்று அளவு எடுத்துக் கொடுத்துக்கொண்டு, உள்ளுக்குள் அது பொத்துக்கொள்ளட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

நிபந்தனை போடாமல் விடவில்லை. உள்வளைவுக்கு நுண்பல் தவிர வேறு கட்டர் கூடாது. முழு வேகம் கூடாது. கையுறை போட வேண்டும். விரல் வெளுத்தால் அன்றைக்கு அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். கட்டரை நானே தேர்ந்தெடுத்துக் கையில் கொடுத்தேன். வெட்டுவதற்கு முன் வால்வு உட்காரும் வளையத்தில் பல் படாமல் இருக்கப் பழைய வால்வு ஒன்றை மாட்டி மறைத்தேன். பல் அடைக்காமல் இருக்க மெழுகைத் தடவிக் கொடுத்தேன். புது மாப்பிள்ளைக்கு உபசாரம் செய்கிற மாதிரிதான்.

அவர் வேலை செய்ததைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்லவேண்டும். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, கண் பாதி மூடி, கட்டர் சொல்வதைக் கேட்டுக் கேட்டு வெட்டினார். சீவல் மறுபடி மாவாக விழுந்தது. பெருக்கும்போது அதை விரலால் தொட்டுப் பார்த்தேன். பழைய நாள் திரும்பிவிட்டதோ என்று ஒரு நிமிடம் நானே ஏமாந்தேன்.

வீட்டில்தான் தொல்லை. நான் சமையலறையிலிருந்து கூப்பிட்டால் பதில் வராது. பக்கத்தில் போன் கீகீ என்று அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க மாட்டார். அடுப்பில் டீ கெட்டில் விசில் ஊதி ஊதித் தண்ணீர் வற்றும், பக்கத்து நாற்காலியில் மகாராஜா மாதிரி உட்கார்ந்திருப்பார். என்மேல் வீம்பு என்று நினைத்தேன். நிபந்தனை போட்டதற்குப் பழி வாங்குகிறார் என்று நினைத்தேன். "உங்க ஜம்பத்தை எங்கிட்ட காட்டாதீங்க" என்று முகத்துக்கு நேரே கையை நீட்டிச் சொன்னேன். அவர் திருதிருவென்று விழித்தார். அந்த விழிப்பும் எனக்கு நடிப்பாகத்தான் தெரிந்தது.

நாலாவது போர்ட் முடிந்ததும் காற்று அளக்கும் மேசையில் ஏற்றினேன். நாலும் ஒன்றுபோலப் பாய்ந்தன. நான் நம்பாமல் மறுபடி அளந்தேன். அதேதான். தம்பி விசிலடித்தான். அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார், துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்குச் சந்தோஷமா வயிற்றெரிச்சலா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. மிச்சம் இருந்தது கசிவுச் சோதனை ஒன்றுதான்.

அந்தச் சோதனைக்கு எங்கள் பட்டறையில் ஒரு முறை உண்டு. ஹெட்டில் தண்ணீர் போகிற வாய்களையெல்லாம் ரப்பரும் இரும்புத் தகடும் வைத்து முடுக்கி அடைத்துவிடுவோம். ஒரே ஒரு வாயில் மட்டும் குழாயைப் பூட்டி உள்ளே காற்றை ஏற்றுவோம். சுவர் எங்காவது பொத்திருந்தால், அல்லது பொத்துக்கொள்கிற அளவுக்கு மெலிந்திருந்தால், போர்ட்டுக்குள் காற்று வெளியே வரும். போர்ட்டுக்குள் சோப்புத் தண்ணீரைப் பூசினால் நுரைக்கும். ஆனால் நுரைக்கு முன்னால் காதுதான் கண்டுபிடிக்கும். அதனால் காற்றுச் சிலிண்டரில் முன்கூட்டியே காற்றைச் சேர்த்துக்கொண்டு கம்ப்ரசரை நிறுத்திவிடுவோம். மின்விசிறி, ரேடியோ எல்லாம் நிறுத்தம். கதவைச் சாத்திவிடுவோம். யாரும் வாயைத் திறக்கக் கூடாது. தும்மல் வந்தால்கூட வெளியே போய்த் தும்ம வேண்டும். இது அவர் வைத்த சட்டம்.

அன்றைக்கும் அப்படித்தான். மத்தியான வெயில் சன்னல் வழியாக மேசைமேல் விழுந்திருந்தது. தம்பி டார்ச்சும் சோப்புத் தண்ணீர்ப் பிரஷ்ஷுமாக ஹெட்டுக்கு முன்னால். நான் அவன் பக்கத்தில். அவர் கொஞ்சம் தள்ளி, காற்றுத் திருகைப் பிடித்துக்கொண்டு. "ஆரம்பிக்கறேன்" என்றார்.

காற்றழுத்தம் காட்டும் முள் ஏறியது. ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் திருகினார். ஒன்றும் இல்லை. தம்பி சோப்புத் தண்ணீரை இன்னொரு தடவை பூசினான். இன்னும் கொஞ்சம்.

மூன்றாவது போர்ட்டிலிருந்து டப் என்று சின்னதாக ஒரு ஒலி, அதோடு ஸ்ஸ்ஸ் என்று ஆரம்பித்தது. உள்வளைவில் கடைசியாக ஒட்டிக்கொண்டிருந்த தோல் விட்டுவிட்டது. நுரை பொங்கிப் போர்ட் வாய்க்கு வந்தது.

போச்சு. நான் வேண்டிக்கொண்டது நடந்துவிட்டது. தம்பி நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் அவரைப் பார்த்தேன். முகம் எப்படி இடிந்துபோயிருக்குமோ என்று பயந்துகொண்டேதான் திரும்பினேன்.

அவர் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தார். மெதுவாக அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தியா?" என்றார். "ஒரு மூச்சுச் சத்தம் இல்ல."

கெட்டில் விசில், போன், நான் கூப்பிட்டு வராத பதில் எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் இடித்தன. வீம்பும் இல்லை, ஜம்பமும் இல்லை. கனத்த ஒலியெல்லாம் அவருக்குக் கேட்கிறது. கவசம் இல்லாத காதில் கிரைண்டர் இரைந்து இரைந்து, விசில் மாதிரி கூர்மையான ஒலிகள் போய்விட்டிருக்கின்றன. சுவர் மெலியும்போது வருகிற அந்தக் கீச்சுக் குரல் எப்போதோ போய்விட்டிருக்கிறது. அது வரும் வரும் என்று காத்துக்கொண்டே வெட்டியிருக்கிறார். அன்றைக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வெட்டிய பழைய ஹெட், அந்த ரகத்தில் எத்தனை நூறு குடைந்திருப்பார்! அங்கே அவரை நிறுத்தச் சொன்னது காது அல்ல, பழக்கம். இந்தப் புது ஹெட்டுக்கு அவரிடம் பழக்கமும் இல்லை, விரலும் இல்லை, காதும் இல்லை.

"இன்னும் ஏத்தறேன். நாம வழக்கமா ஏத்தற அளவுக்கு மேலயே தாங்கும் பாரு" என்று திருகினார். ஸ்ஸ்ஸ் என்றது விசிலாக மாறியது. தெருவில் போகிறவனுக்குக் கேட்கும். அவர் சிரித்தார். மாதக்கணக்கில் நான் பார்க்காத சிரிப்பு. "என்னடா மாப்ள, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டிருக்க? உன் வண்டிக்குத்தான்டா இது. சந்தோஷப்படுடா."

"அத்தான், ஹெட்டுக்கு ஒண்ணும் ஆகல," என்று தம்பி முணுமுணுத்தான். "வெல்டிங் வெச்சு அடைச்சுடலாம்."

"என்னது?" என்றார் அவர்.

தம்பி திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டான். நான்தான் செய்யவேண்டும் என்று தெரிந்தது. போய் அவர் கையைப் பிடித்தேன். மத்தியான வெயிலிலும் விரல் சில்லென்று இருந்தது. இழுத்துக்கொண்டு வந்து, அவர் ஆள்காட்டி விரலை மூன்றாவது போர்ட்டுக்குள் விட்டு, உள்வளைவில், காற்று பீறிட்டுக்கொண்டிருந்த இடத்தில் வைத்து அழுத்தினேன். பக்கத்தில் இருந்த என் மணிக்கட்டில்கூட அந்தக் காற்று படபடவென்று அடித்தது.

அவர் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார். விரலை முன்னும் பின்னும் தேய்த்தார்.

"வழவழன்னு வந்திருக்கில்ல?" என்றார்.

கண்ணைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு கீழே குனிந்து பார்த்தார். அவர் விரலைச் சுற்றி நுரை பொங்கிப் பொங்கித் தெறித்துக்கொண்டிருந்தது, அவர் பனியனெல்லாம் நுரை.

"சத்தம் வருதா?" என்று கேட்டார்.

அவர் காதுக்குப் பக்கத்தில் போய் "வருதுங்க" என்றேன்.

"ரொம்பவா?"

"ரொம்பங்க."

தம்பி ஓடிப்போய்த் திருகைப் பிடித்தான், மூடுவதற்கு.

"மூடாத" என்றார். விரலை வெளியே எடுத்து, ஹெட்டின் மேல் இரண்டு கையையும் ஊன்றி, குனிந்து, காதைப் போர்ட்டின் வாயோடு சேர்த்து வைத்துக்கொண்டார். நுரை அவர் கன்னத்தில் அடித்தது.

"இன்னும் கொஞ்சம் ஏத்துடா மாப்ள" என்றார்.

தம்பி என்னைப் பார்த்தான், பிறகு ஏற்றினான். விசில் என் பல்லைக் கூசவைத்தது. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் ஒன்றும் மாறவில்லை.

"இன்னும்" என்றார்.